படகு குடித்த வார்னிஷ்

“...குடிய உட்டா யாருக்கும் அப்டித்தான் சார், மொதல்ல கொஞ்சம் வெளுத்துப் போவாங்க. அப்பறம் தேறிடுவாங்க” என்றார் மாமா.

சொன்னவர் என் அக்காவின் புருஷன். கேட்டுக்கொண்டு நின்றவர் மதுவிலக்குப் போலீஸ் ஏட்டு. ஆனால் வெளுத்துப் போயிருந்தது ஆள் அல்ல. ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த மாமாவின் படகு. ஒரு படகுக்குக் குடிப்பழக்கம் எப்படி வந்தது, அதை அது எப்படி விட்டது என்று முதலிலிருந்து சொன்னால்தான், இதைச் சொன்ன கையோடு மாமா செய்த காரியம் விளங்கும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. குடித்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றிருந்த காலம். நான் கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஒரு பெயிண்டுக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியைக் கடைக்கு வருகிறவர்கள் பேசப் பேசக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் சரக்கு கிடைக்காதவர்கள் நாற்காலிக்கும் கதவுக்கும் பூசுகிற வார்னிஷை வாங்கி, அதை வடிகட்டிக் குடித்துவிடுவார்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதானே அது. குடித்துக் கண் போனவர்களும் உண்டு. அதனால் வார்னிஷ் கேட்டு யார் வந்தாலும் எங்கள் முதலாளி முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். உளி பட்ட தழும்பு இருந்தால் ஆசாரி, கொடுக்கலாம். கை நடுங்கினால், “கதவுக்கு வேணும்னா கதவ எடுத்துக்கினு வா” என்று அனுப்பிவிடுவார்.

மாமா பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கிறவர். அவருக்கு வார்னிஷ் ஆசை வந்தது ரயில்வே ஸ்டேஷனில். இறால் கூடையோடு மெட்ராஸ் வண்டிக்குக் காத்திருந்தபோது, புதிதாகப் பாலிஷ் போட்ட பெஞ்சின் மேல் கூரை ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் சொட்டியதாம். சொட்டிய தண்ணீர் மரத்தில் இறங்காமல் உருண்டு ஓடிவிட்டதாம். வந்த வண்டியை விட்டுவிட்டு, அடுத்த வண்டி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நேராக எங்கள் கடைக்கு வந்து சொன்னார்: “மச்சான், அந்த பெஞ்சுமேல ஏறி உக்காந்து கோல் போட்டா, ஏரியத் தாண்டி சமுத்திரத்துக்கே போயிடலாம்.”

ஏரிப் படகுகளுக்கு அப்போதெல்லாம் மீன் எண்ணெய்தான். வெயிலில் மரம் பிளக்காமல் இருக்கவும், தண்ணீர் ஊறாமல் இருக்கவும், மரத்தைத் துளைக்கிற புழு அண்டாமல் இருக்கவும் அதைப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பூசுவது என்று சொல்வதில்லை. மரம் எண்ணெய் குடிக்கும் என்போம். புதுப் படகு சட்டி சட்டியாகக் குடிக்கும், பழகின படகு அளவாகக் குடிக்கும். “உன்னுது எவ்ளோ குடிக்குது?” என்று கரையில் ஒருவர் இன்னொருவரைக் கேட்டால், அது அவர் வீட்டு ஆம்பளையைப் பற்றிய விசாரணை இல்லை.

எண்ணெயின் நாற்றம் இருக்கிறதே, அது மாமாவுக்கு முன்னால் வந்து மாமாவுக்குப் பின்னால் போகும். “என்னைக் கட்டிக்கினாரு, குடித்தனம் மட்டும் படகுகூடப் பண்றாரு” என்று அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பெஞ்சைப் பார்த்த பிறகு மாமாவுக்கும் அந்த நாற்றம் திடீரென்று தாங்க முடியாமல் போய்விட்டது.

முதலாளி அவருடைய கையைப் பார்த்தார். வலைக்கயிறு அறுத்த கை, நடுக்கம் இல்லை. எதற்கு என்று கேட்டார். படகுக்கு என்றதும் கொஞ்ச நேரம் மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நாற்காலிக்குப் பூசுறதப் படகுக்குப் பூசுனா, படகு உக்காந்துக்கப் போவுதுய்யா” என்றார். மாமா சிரித்துக்கொண்டார். எனக்கும் அது அன்றைக்கு வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது. சரக்கு வந்ததும் தருவதாக முதலாளி சொன்னார்.

அதற்குள் மாமா வேலையை ஆரம்பித்துவிட்டார். படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, ஓலையைக் கொளுத்திப் பழைய எண்ணெய்ப் பிசுக்கைச் சுட்டு, ஒட்டியிருந்த சிப்பியை எல்லாம் சுரண்டி, மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வெறும் மரம் தெரிகிற வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலிருந்த மீன் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், “இனிமே நமக்கு இது ஆவாது” என்று சொல்லிச் சொல்லி அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஸ்டேஷன் பெஞ்சின் கதையையும் சேர்த்துக் கொடுத்தார். கரை முழுவதும் அவருடைய படகைப் பார்க்கக் காத்திருந்தது.

இங்கே பாடு என்கிற வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. அங்கே யார் வேண்டுமானாலும் வலை போட முடியாது. ஊரில் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். இன்ன நாள் இன்னார் முறை. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. தன் பாடு வருகிற அன்று படகு இறக்காதவனுக்கு அந்த முறை போனது போனதுதான்; ஊர் முழுக்கச் சுற்றி மறுபடி அவனிடம் வருகிறவரைக்கும் ஓரத்தில் நின்று பொடிமீன் பிடிக்க வேண்டியதுதான். மாமாவின் பாடு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. மழைக்குப் பிறகு இறால் இறங்குகிற நேரம். அக்கா அந்தப் பாட்டை நம்பித்தான் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

வார்னிஷ் வந்த அன்றைக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. மாமா கவலைப்படவில்லை. மீன் எண்ணெய் என்றால் ஊறக் காத்திருக்க வேண்டும். வார்னிஷ் பூசிய கையோடு காயும். இரண்டு டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு நான் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன். மாமா மிதித்தார். ஏரிக்குப் போகும் ரோடு பிரிகிற இடத்தில் மதுவிலக்குப் போலீசின் சாவடி ஒன்று இருந்தது. அங்கே கை காட்டி நிறுத்தினார்கள்.

ஏட்டு பள்ளிப்பட்டுக்காரர். மலையும் கரும்பும் பார்த்து வளர்ந்தவர். எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏரியை அவர் இன்னும் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. போன மாதம்தான் ஆரம்பாக்கத்துப் பக்கம் ‘கப்பல்’ என்று பட்டப்பேர் வைத்துக்கொண்ட ஒரு பெரிய குடிகாரனைப் பிடித்துப் பெயர் வாங்கியிருந்தார். இது தெரிந்தால்தான் அன்று நடந்த பேச்சு புரியும்.

“இன்னா நைனா, டப்பாவுல?”

“வார்னிஷ் சார்.”

“யாரு குடிக்கிறதுக்கு?”

மாமா பொய் சொல்லிப் பழகாதவர். “நான் தொடமாட்டேன் சார். எல்லாம் படகுதான் குடிக்கும்” என்றார்.

ஏட்டின் கண் விரிந்தது. “போன மாசம் கப்பல், இந்த மாசம் படகா? ரெண்டு டப்பாவையும் ஒருத்தனே குடிப்பானா?”

“ரெண்டும் பத்தாது சார். நாலு நாளா ஒண்ணுமே காட்டல. காஞ்சு கெடக்குது.”

“எங்க இருக்கான் இப்போ?”

“கரையில கவுந்து கெடக்குது சார்.”

“குடிக்கறதுக்கு முன்னாலயே கவுந்துட்டானா” என்று ஏட்டு பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். உன்னைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். டப்பாக்கள் இரண்டும் சாவடிக்குள் போய்விட்டன. அப்போதுதான் டப்பா கைவிட்டுப் போனது மாமாவுக்கு உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. “சார், நாள மறுநா விடிஞ்சா என் பாடு சார். இது இல்லாம நான் தண்ணியில எறங்க முடியாது” என்றார்.

“எல்லாரும் என் பாடு, என் பாடுன்னுதான் வந்து அழுவுறீங்க” என்றார் ஏட்டு. “என் பாடு இன்னான்னு யாராவது கேட்டீங்களா?” அதன்பிறகு கொஞ்சம் மனம் இளகியவர்போல, “நாளைக்குக் காலைல அந்தப் படகை இங்க கூட்டிக்கினு வா. அவன் வந்து நின்னா நீ போலாம். வரலைன்னா நீ உள்ள” என்று முடித்தார்.

திரும்புகிற வழியெல்லாம் நான் மாமாவுக்கு விளக்கினேன். ஏட்டு படகை ஆள் என்று நினைத்துக்கொண்டார், காலையில் போய் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போலீசு சொன்னதத் திருத்தறதுக்கு நாம யாரு மச்சான்? கூட்டிக்கினு வரச் சொன்னாரு, கூட்டிக்கினு போவோம்” என்றார். அவர் விளங்காமல் சொன்னாரா, விளங்கித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

கொடுத்த எண்ணெயைத் திருப்பி வாங்கி இரண்டு கை பூசிவிடலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். ஊறுவதற்கு நாள் இல்லை என்பது ஒரு பக்கம். ஊரெல்லாம் பேசிவிட்டுப் போய்க் கேட்பதற்கு மாமாவுக்கு வாய் வராது என்பது இன்னொரு பக்கம். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “எண்ணெயத் திருப்பிக் கேக்க வெக்கமா கீது. படகைப் போலீசுகிட்ட ஏத்திக்கினு போவ வெக்கமா இல்ல.”

கருக்கலிலேயே கிளம்பினோம். சவுக்கு மரம் ஏற்றப் போகிற நீள வண்டி ஒன்று காலியாக வந்தது. ஊர் ஆட்கள் கைகொடுத்துப் படகை அதன்மேல் நிமிர்த்தி ஏற்றிக் கட்டினார்கள். வண்டிக்காரர் பக்கத்தில் உட்காரச் சொன்னதற்கு மாமா ஒப்பவில்லை. வழக்கமாக எங்கே நிற்பாரோ அங்கே, படகுக்குள், படகு தள்ளுகிற கோலை நட்டு வைத்துக்கொண்டு நின்றார். கோலை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் நெல்வயல், நடுவில் ரோடு, ரோட்டின் மேல் மாமா படகில் வந்துகொண்டிருந்தார். டீக்கடையில் நின்ற ஒருவர், “ஏரி வத்திப் போச்சாண்ணே?” என்று கேட்டார். “இல்ல, கேஸு” என்று மாமா பதில் சொன்னார்.

சாவடி முன்னால் வண்டி நின்றது. ஏட்டு நாஷ்டா சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். மாமா படகை விட்டு இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, “இவருதான் சார் படகு. கூட்டிக்கினு வந்துட்டேன்” என்றார்.

ஏட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஏட்டு அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு, மாமாவிடம் மெதுவாகக் கேட்டார்: “இது எவ்ளோ குடிக்கும்?”

“பெரிய ஆளு சார். ரெண்டு டப்பா தாங்கும்.”

டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு மனிதர் நேற்றுச் சொன்னதற்கும் இன்று பார்த்ததற்கும் நடுவில் கொஞ்சம் மரியாதையைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறதே. “குடிக்கிறதுன்னா இங்க, என் கண்ணு முன்னால குடிக்கட்டும். ஒரு சொட்டு வெளிய போவக்கூடாது” என்றார். படகை இறக்கினோம். சாவடி வாசலில், வேப்பமரத்தடியில், மதுவிலக்குப் போலீசின் காவலில் படகு குடிக்க ஆரம்பித்தது.

டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை கடைத்தெரு வரைக்கும் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்து படகின் நிழலில் சாய்ந்து உட்கார்ந்தார். வேலை இல்லையா என்று கேட்டதற்கு, “இந்த நெழலு ஒரு மாதிரி நல்லா கீதுப்பா” என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை. மூக்கைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். ஏட்டு கம்பை எடுத்தார். மூட்டைக்காரர் எழுந்து நின்று கைகட்டி, “மோந்தா கேஸு உண்டா சார்?” என்று கேட்டார். ஏட்டு யோசித்தார். கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்.

அதற்குள் அவருடைய கவனம் வேறு பக்கம் போயிருந்தது. மாமா மீன் எண்ணெய் பூசுகிற பழக்கத்தில், துணியை டப்பாவில் முக்கி முக்கிப் படகின் மேல் அறைந்துகொண்டிருந்தார். அது கோடு கோடாக வழிந்தது. ஏட்டால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பெல்ட்டும் பூட்சும் பித்தளை வில்லையும் பளபளக்கத் தேய்த்து வந்த மனிதர். “இன்னாய்யா, மாடு கழுவுற மாதிரி” என்று துணியைப் பிடுங்கினார். பஞ்சை உருட்டித் துணியில் கட்டி, கொஞ்சமாக நனைத்து, சுற்றிச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் காட்டிக்கொடுப்பதற்காகத்தான் தேய்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பிறகு சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். வழியில் சைக்கிளில் போனவர்களை அன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை.

வெயில் சாயும்போது படகு, கல்யாண வீட்டு அலமாரி மாதிரி நின்றது. ஏட்டு சட்டையைப் போட்டுக்கொண்டு, படகின் பக்கவாட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கினார். “தண்ணியில எறக்கும்போது பார்த்து, கீறல் உழாம எறக்கு” என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மூட்டைக்காரர் வண்டி கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து வந்தார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் மாமா தன் பாட்டுக்குப் படகை இறக்கினார். கரையில் எல்லோரும் நின்றார்கள். நானும் நின்றேன். எண்ணெய் வாங்கிக்கொண்டவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். படகு தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போன அழகை அக்காகூட நின்று பார்த்தாள். வலைக்குக் கூட வருகிற கூட்டாளிகள் இரண்டு பேர் உள்ளே கால் வைக்கப் பயந்து, செருப்பு போடாத காலையும் துடைத்துவிட்டு ஏறினார்கள்.

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. அக்கா கையை நெற்றியில் வைத்துத் தேடினாள். படகுகள் வந்தன, எங்கள் படகைக் காணவில்லை. வெள்ளையாக ஒன்று மட்டும் கரையை நோக்கி வந்தது. அதில் மாமா நின்றிருந்தார்.

தண்ணீர் பட்ட இடமெல்லாம் வார்னிஷ் பூத்துப் போயிருந்தது. அடியிலிருந்து மேலே ஏறி ஏறி, மாமா கோல் போட நிற்கிற இடம் வரைக்கும் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டது. பெஞ்சின் மேல் சொட்டிய தண்ணீர் வேறு, பெஞ்சே தண்ணீரில் ஊறுவது வேறு என்பது ஸ்டேஷனில் மாமாவுக்குத் தோன்றவில்லை. “போவும்போது மாப்ள மாதிரி போச்சு. வரும்போது இன்னா, விபூதி பூசிக்கினு சாமியாரா வந்துகீது?” என்று அக்கா கேட்டாள். ஆனால் கேட்டுக்கொண்டே படகுக்குள் எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். கூடை கூடையாக இறால். பாடு வீணாகவில்லை. கூரைக்கு ஓலை வந்தாயிற்று என்று அர்த்தம்.

படகுதான் பாக்கி. தொட்டால் மாவு மாதிரி கையில் வந்தது. அப்படியே விட்டால் அடுத்த பாடு வருவதற்குள் புழு தின்றுவிடும். மாமா மறுபடி கவிழ்த்துப் போட்டு, மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு, எண்ணெய் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அவரே போனார். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருவரும் சும்மாவும் கொடுக்கவில்லை. பெஞ்சு சௌக்கியமா என்று ஒருவர் கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா எண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டே, “நீ வருவேன்னு தெரியும்பா. தொடாமத்தான் வெச்சிருந்தோம்” என்றாள். இதில் எது ரொம்பக் குத்தியது என்று மாமா சொன்னதில்லை. சட்டி நிறைந்துவிட்டது.

சுரண்டின பாதிக்கு அந்த மீன் எண்ணெயைப் பூச உட்கார்ந்த அன்றுதான் ஏட்டு வந்தார். மப்டியில் வந்தார். கூடவே ஊரிலிருந்து வந்திருந்த தன் மாமனாரையும் அழைத்து வந்திருந்தார். படகுக்குத் தான் போட்ட பாலிஷைக் காட்டுவதற்காக அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, வெயிலில் மணலெல்லாம் நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். பெரியவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பா, மொகம் தெரியும்னியே?” என்று கேட்டார்.

ஏட்டு படகைப் பார்த்தார். பாதி சுரண்டின மரம், பாதி வெளுத்த மரம். அவருடைய உள்ளங்கையில் அன்று தேய்த்ததில் வந்த கொப்புளம் இன்னும் ஆறியிருக்காது. கோபம் வரும் என்று நினைத்தேன், குனிந்து மரத்தைத் தடவினார். “இன்னாய்யா இது? நல்லாத்தானே இருந்தான். இப்டி வெளுத்துட்டான்?” என்றார்.

அதற்குத்தான் மாமா, அவர் முகத்தைப் பார்க்காமல், குடியை விட்டால் யாருக்கும் அப்படித்தான் என்று சொன்னது. சொல்லிவிட்டு, கையிலிருந்த பழைய வேட்டித் துணியை இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை மீன் எண்ணெயில் முக்கி, சொட்டாமல் பிழிந்து, ஏட்டின் கையில் வைத்துவிட்டு, அவர் உட்காருவதற்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.